காட்டுப் பாதையில் ஒரு நாள் நடை: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றம் பழக்கமில்லாத குடும்பங்களுக்காக எழுதியது இது. காலையில் கிளம்பி, காட்டில் நாலைந்து மணி நேரம் நடந்து, பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர நினைப்பவர்கள் படிக்கலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எளிதான நடை என்றால் எவ்வளவு தூரம்?

தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏற்றம், வெயில், காலடியில் இருக்கும் தரை, கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யார் என்பது எல்லாம் சேர்ந்துதான் எளிதா இல்லையா என்று முடிவாகும். முதல் தடவை போகிறவர்கள் போகவர மொத்தம் 8 கிலோமீட்டருக்குள், ஏற்றம் 300 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் அடுத்த நாள் வேலைக்குப் போக முடியும்.

உடம்பைச் சோதித்துப் பார்க்க நம் ஊரிலேயே நல்ல இடங்கள் உண்டு. சென்னிமலைக்கு 1320 படி, மருதமலைக்கு 837 படி என்பார்கள். மருதமலைப் படிகளை நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஏறி இறங்கி, மறுநாள் முழங்கால் வலி இல்லை என்றால் எளிதான காட்டுப் பாதை எதற்கும் நீங்கள் தயார். வலி இருந்தால் இரண்டு வாரம் தினமும் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பக்கத்தில் எங்கே போகலாம்?

வனத்துறை அனுமதியோடு நடக்கக்கூடிய பாதைகளை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு போகலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள், அவர்களில் பலர் மலைவாழ் மக்கள். நம் பக்கத்தில் ஆழியாறு கால்வாய்க் கரை, சாடிவயல்–சிறுவாணி, டாப்சிலிப்–பண்டாரவரை, உடுமலை–மூணாறு சாலையில் சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை என்று சில பாதைகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பாதைக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் போட்டிருப்பார்கள். முதல் தடவை என்றால் எளிது என்று போட்டிருப்பதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை கால்வாய்க் கரைப் பாதைதான். கால்வாய் தண்ணீரின் மட்டத்துக்கு வெட்டியது, அதனால் கரையில் செங்குத்தான ஏற்றம் இருக்காது. கூட்டாறு வேறு மாதிரி. பாம்பாறும் சின்னாறும் கூடும் இடம் அது. மழைமறைவுப் பகுதி என்பதால் முள்ளும் வறண்ட மரங்களுமாக இருக்கும், நிழல் குறைவு. ஆனால் ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அந்த அணில் எல்லாக் காட்டிலும் கிடைக்காது.

நடை கொஞ்சம், தண்ணீர் அதிகம் என்று விரும்புகிறவர்களுக்குப் பில்லூர் அணைப் பக்கத்துப் பரளிக்காடு. பரிசல் சவாரி, அங்குள்ள இருளர் பெண்கள் சமைத்துப் போடும் மதியச் சாப்பாடு, அப்புறம் ஒரு சின்ன நடை. வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போக இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பித்தான் வர வேண்டும். கோவை குற்றாலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாடிவயலிலிருந்து வனத்துறை வண்டியில் போய், கடைசியில் கொஞ்ச தூரம் நடை.

கொல்லிமலை ஆகாய கங்கையை எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி அருவிக்குப் போக வேண்டும். போகும்போது சிரித்துக்கொண்டே போகலாம். களைத்த பிறகுதான் ஏற்றமே வரும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிறும் அதற்குள் ஒரு பாடு பட்டிருக்கும்.

வெள்ளியங்கிரி போகலாமா?

அது ஒரு நாள் சுற்றுலா நடை இல்லை, விரத யாத்திரை. ஏழு மலை, செங்குத்தான ஏற்றம், உச்சியில் குளிர்காற்று. பிப்ரவரியிலிருந்து மே வரை பக்தர்களை விடுகிறார்கள். ஏறும்போது மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்தவர்கள் உண்டு. இதயக் கோளாறு, ஆஸ்துமா, கட்டுக்குள் வராத சர்க்கரை இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. எளிதான பாதைகள் சிலவற்றில் நன்றாகப் பழகிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

அனுமதி வாங்கத்தான் வேண்டுமா? அடிவாரத்து ஆள் ஒருவர் "நான் கூட்டிப்போறேன் வாங்க" என்கிறாரே?

வாங்கத்தான் வேண்டும். நம் பக்கத்து மலைக்காடு பெரும்பாலும் காப்புக்காடு அல்லது புலிகள் காப்பகம். ஆனைமலை 2007-லும் சத்தியமங்கலம் 2013-லும் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அபராதம் உண்டு.

அபராதம் கிடக்கட்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அன்று மலையில் இருந்த இரண்டு குழுக்களில் ஒன்று நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநிலம் தனியாக விதிகள் போட்டது. எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்பது சோதனைச்சாவடியில் எழுதியிருந்தால் தேட வேண்டிய நேரத்தில் எங்கே தேடுவது என்று தெரியும். எழுதாமல் உள்ளே போனவர்கள் காட்டுக்குள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அடிவாரத்து ஆள் நல்லவராகவே இருக்கலாம், பாதையும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் மேட்டில் தீப்பிடித்திருக்கிறது, ஓடைக்குள் ஆனைக்கூட்டம் இறங்கியிருக்கிறது என்ற அன்றைய காலைத் தகவல் வனக்காவலர்களிடம்தான் இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பரும் ஜனவரியும் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். மழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் இருந்து, வெயிலும் உறைக்காத காலம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சிறுவாணி, டாப்சிலிப், வால்பாறைப் பக்கம் பாதை வழுக்கும், அட்டை ஏறும், கோவை குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். அதே மாதங்களில் சின்னாறு பக்கத்துக் காடு காய்ந்து கிடக்கும், ஆகவே ஜூலையில் நடந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கிழக்குச் சரிவைப் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கு மேல் இடியோடு வரும்.

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தீக்காலம். 2025-இல் ட்ரெக் தமிழ்நாடு பாதைகளை இந்த இரண்டு மாதமும் மூடியே வைத்தார்கள். பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்ததும் போகலாம் என்று திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் திறந்திருந்தாலும் வெயிலும் வறட்சியும் இருக்கும். அரையாண்டு விடுமுறைதான் நமக்குச் சரி.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது கிளம்பும் நேரம் இல்லை, திரும்பும் நேரம். வண்டி நிற்கும் இடத்துக்கு மதியம் 1 மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஏன் 1 மணி? மழைக்காலத்தில் இடிமழை மதியத்துக்கு மேல்தான். சாயங்காலம் ஆனால் ஆனை, காட்டுமாடு, கரடி எல்லாம் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் நகர ஆரம்பிக்கும். அப்புறம் கோவைக்காரர்கள் அடிக்கடி மறக்கும் ஒன்று: மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே நாம் இருக்கிறோம். டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது என்றாலும், மலையடிவாரத்தில் அதற்கு வெகு முன்னாலேயே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். காட்டுக்குள் ஐந்து மணிக்கே கண் மங்கும்.

கணக்குப் போட ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இது பழகிய கால்களுக்கான கணக்கு. பொடிசுகளும் பெரியவர்களும் இருந்தால் இரண்டால் பெருக்குங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி சேருங்கள். ஐந்து மணி நேரம் ஆயிற்றா? அப்படியானால் காலை எட்டு மணிக்கு முதல் அடி விழ வேண்டும். திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி தாண்டிப் போவதற்கும், நடுவில் டிபன் சாப்பிடுவதற்கும், சோதனைச்சாவடியில் பெயர் எழுதுவதற்கும் நேரம் விட்டால், வெள்ளென நாலரைக்கு வீட்டில் விளக்கு எரிய வேண்டும். முந்தின இரவே கட்டுச்சோற்றைத் தவிர எல்லாவற்றையும் வண்டியில் வைத்துவிடுங்கள். வழிகாட்டி வேறு நேரம் சொன்னால் அவர் நேரம்தான்.

போகும் வழியில் பாதித் தூரம் வராவிட்டாலும், ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அருவி இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார்.

ஆனை எதிரே வந்தால் என்ன செய்வது?

வழிகாட்டி சொல்வதைச் செய்ய வேண்டும். அவர் கை காட்டினால் நில், பின்னால் வா என்றால் வா. கேள்வி கேட்கும் நேரம் இல்லை அது.

ஆனால் எதிரே வருவதற்கு முன்பே காடு நமக்குச் சொல்லிவிடும். லத்தி ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. ஒடிந்த கிளையில் பால் வடிந்தால் அதுவும் புதிது. மூங்கில் படீரென்று முறியும் சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற உறுமல், திடீரென்று ஒரு குதிரைலாய வாடை. இதையெல்லாம் பேசிக்கொண்டே நடந்தால் தவற விடுவோம். அதனால்தான் வழிகாட்டிகள் பேசாமல் வரச் சொல்கிறார்கள். குருவி பார்ப்பதற்காக மட்டும் அல்ல.

கண்டுவிட்டால் நின்ற இடத்திலிருந்து முகம் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசினால் நம் வாடை போய்ச் சேர்ந்திருக்கும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் ஈரக்கோடு வழிந்திருந்தால் மதத்தில் இருக்கும் ஆண், பாதையை அதற்கே விட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழி. இறக்கத்தில் ஆனையால் ஓட முடியாது என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். மனிதனைவிட வேகமாக ஓடும். கல் எறிவது, சத்தம் போடுவது, பிளாஷ் அடிப்பது, செல்பிக்கு முதுகைக் காட்டி நிற்பது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆனை நம் ஊருக்குள் வருகிறது என்று நாம் புகார் சொல்கிறோம். அது நடக்கும் தடத்தில் கட்டடம், வேலி, தோட்டம் என்று நாம்தான் குறுக்கே நிற்கிறோம். காட்டில் அது வருகிற வழியைவிட்டு நாம் ஒதுங்குவது, இருபது நிமிடம் உட்கார்ந்து காத்திருப்பது, அன்றைய நடையையே கைவிடுவது எல்லாம் நியாயமான விலைதான்.

அட்டை, உண்ணி, பாம்பு, தேனீ?

அட்டையால் ஆபத்து இல்லை, அருவருப்புதான். மழை மாதங்களில் டாப்சிலிப், வால்பாறைப் பக்கம் போனால் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போடலாம். ஏறியதைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள், அல்லது கல் உப்பைத் தொட்டு வையுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்ணி வறண்ட காட்டில், புல்லில் இருக்கும். வீடு வந்ததும் இடுப்பு, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம் பார்த்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு வந்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிக்கப் போவதில் கழியும் நேரம் உயிரை எடுத்துவிடும். கால் வைக்கும் இடத்தையும் உட்காரும் கல்லையும் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலான கடிகள் நேராது.

உண்மையில் பலர் நினைத்துப் பார்க்காத ஆபத்து மலைத்தேனீதான். பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெரிய அடை கட்டியிருக்கும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், அடைக்குக் கீழே புகை வேண்டாம், பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அடையைவிட்டு எட்டி ஓடுங்கள்.

என்ன உடை, என்ன பை?

பழகிய ஷூ. புதுசு வாங்கி அன்றைக்கே போட்டால் குதிகாலில் கொப்புளம்தான். முழுக்கைச் சட்டை, முழு நீளப் பேன்ட், பச்சை, காவி, பழுப்பு மாதிரி மங்கின நிறங்கள். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். சுடிதார் தாராளமாக வசதி, துப்பட்டாவை மட்டும் பையில் வைத்துவிடுங்கள், முள் இழுக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் மூன்று. தொப்பி, ஒரு மாற்றுக் காலுறை, ஓஆர்எஸ் பொட்டலம், பஞ்சு, பிளாஸ்டர், தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒரு டார்ச். பகல் நடைக்கு டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டால் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று யோசிக்கட்டும்.

சாப்பாட்டுக்கு?

கட்டுச்சோறுதான். புளிசாதம், எலுமிச்சை சாதம் மதியம் வரை தாங்கும். அரிசியும் பருப்பும் சாதம் நம் வீட்டு அடையாளம்தான், ஆனால் சூட்டோடு மூடினால் வெயிலில் கெட்டுவிடும், நன்றாக ஆறவைத்துக் கட்டுங்கள். நடுநடுவே கொறிக்க வறுத்த நிலக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், கொய்யா. தூக்குப்போசியில் எடுத்துப்போனால் திரும்பிக் கொண்டுவரக் குப்பையே இருக்காது.

மிச்சச் சோற்றைக் குரங்குக்குப் போடுவது புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். போடப் போடப் பையைப் பிடுங்கப் பழகும், சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் மருதமலை அடிவாரப் பக்கம் ஆனை லத்தியில் பிளாஸ்டிக் உறை கிடந்த செய்தி வந்தது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை அது உணவு என்று நினைத்து விழுங்குகிறது. ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு, டீ கப் உட்பட எல்லாம் பையில் திரும்பி வரட்டும்.

எத்தனை வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்?

ட்ரெக் தமிழ்நாடு பாதைகளில் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், 10 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கூடவே வர வேண்டும், எளிதான பாதை மட்டும்தான். என் கருத்தில் தானாக 4 கிலோமீட்டர் நடக்கும் பிள்ளை என்றால் சரி. தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று கைக்குழந்தையோடு போகாதீர்கள், நீங்கள் தடுக்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

வரிசையில் பிள்ளைகள் நடுவில். முன்னால் வழிகாட்டி, கடைசியில் பொறுப்பான பெரியவர் ஒருவர்.

அம்மிச்சியும் அப்பாரும் வருவேன் என்றால் பரளிக்காடு. அதுவும் முடியாது என்றால் ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம், திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம். சமதரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வரும் பறவைகள், இரண்டுமே ராம்சர் எனப்படும் உலக ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பிடித்தவை.

கழிப்பறை, மாதவிலக்கு?

பாதையில் கழிப்பறை இருக்காது. தொடங்கும் இடத்தில் போய்விட்டுக் கிளம்புங்கள். நடுவில் தேவைப்பட்டால் வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவர் பாதுகாப்பான இடம் காட்டுவார். தனியாக விலகிப் போகாதீர்கள். தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்கள் நிறையப் பேர், மயக்கம் வருவது அதனால்தான். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

நாயைக் கூட்டிப்போகலாமா? ஸ்பீக்கர், டிரோன்?

மூன்றும் கூடாது. நாய் சிறுத்தையை இழுக்கும், காட்டு விலங்குகளுக்கு நோயும் பரப்பும்.

போனில் சிக்னல் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், போகும் ஆட்கள், எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள், கூப்பிடாவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குழுவைப் பிரிந்துவிட்டால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், விசில் இருந்தால் மூன்று முறை ஊதுங்கள். பிள்ளைகள் கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும், அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

கிளம்பும் அன்று மழை பெய்தால், அல்லது வனத்துறை மூடிவிட்டால்?

முந்தின நாள் சாயங்காலம் வழிகாட்டிக்கோ சரக அலுவலகத்துக்கோ ஒரு போன் போட்டு விசாரியுங்கள். பதிவு செய்யும்போதே தேதி மாற்றவும் பணம் திரும்பப் பெறவும் என்ன விதி என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் முடியாது என்று சொன்னால் அங்கே நின்று வாதாட வேண்டாம், அந்தக் காவலர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். டாப்சிலிப் போகும் வழியில் சேத்துமடைச் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பினால் ஆழியாறு அணைப் பூங்கா பக்கம்தான். அங்கே நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டு, வீடு திரும்பும் முன் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.